எட்டு றாத்தல்

நிஸ்தார் நானா மூன்று உருளையைக் கண்ணாடி மேல் வைத்தார்.
ஹட்டனில் மழை. கடை வாசலில் சாக்கு விரித்திருந்தது.
ஒன்று பச்சை, பின்னல் நூல், தலைமுடியிலும் மெல்லிசு.
"இது அறாது" என்றார்.
விலையைச் சொன்னார்.
அறுந்தது நான்தான்.

மற்றது பதினைந்து றாத்தல்.
துணிக்கொடி கட்டலாம், அவ்வளவு தடிப்பு.
என் ரீல் கைக்குள் அடங்குகிற சாமான்;
அந்த நூல் அதில் படியாது, சுருள் சுருளாய் எழும்பி நிற்கும்.

மூன்றாவது வெள்ளைத் தங்கூஸ்.
எட்டு றாத்தல், நூற்றைம்பது மீற்றர்,
பூச்சியம் தசம் இரண்டு ஐந்து என்று ஒட்டியிருந்தது.

எட்டு என்றால் எட்டா?
இருபது கிலோ கொழுந்து நிறுத்தால்
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு கழித்துப்
பதினேழு எழுதுகிற தராசு எனக்குத் தெரியும்.
"முடிச்சில ஒன்னு போகும்" என்றார் நானா,
"வெயில் பட்டா இன்னொன்னு."
சரி, ஆறு.
காசல்ரீயில் ஆறு றாத்தல் மீனை
நான் கண்டதில்லை.
அதுவும் என்னைக் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் உட்கார்ந்தேன்.
ரீலில் கிடந்த பழைய நூலை உருவிப் போட்டேன்:
படகு துடைக்கிற பொடியன் விற்றபோதே இருந்தது,
யாரோ வெள்ளைக்காரன் சுற்றியது,
தரையில் விழுந்தும் வட்டத்தை மறக்கவில்லை.

வளையக் கம்பியைத் திறக்காமலே முடிச்சுப் போட்டுவிட்டேன்.
கைப்பிடி சுற்றுகிறது, கம்பி சுற்றுகிறது,
நூல் ஓர் அங்குலம் ஏறவில்லை.
வெட்டினேன். கம்பியை நிமிர்த்தினேன். மறுபடி முடிச்சு,
எச்சில் தொட்டு, இறுக்கி.
உருளையைக் கால் பெருவிரலில் மாட்டினேன்.
அது தெறித்துக் கான் வரைக்கும் ஓடியது.

அடுத்த காம்பராவிலிருந்து அருள்ஜோதி பார்த்தாள்.
பீலியடிச் சண்டை முடிந்து முப்பத்தெட்டு நாள்.
அவள் என் வாளியை உதைத்தாள்,
நான் அவள் அம்மாவை இழுத்தேன்.
இப்போது எழுந்து வந்தாள், வாய் திறக்காமல்.
கானில் கிடந்ததை எடுத்தாள், பாவாடையில் துடைத்தாள்,
மகனின் பென்சிலை ஓட்டைக்குள் நுழைத்து
ஆறடி தள்ளிக் குந்தினாள்.

நான் சுற்றினேன்.
கொஞ்சம் தளர விட்டதும் நடுவில் நூல்
தன்னைத்தானே கட்டிக்கொண்டு ஆடியது.
"முறுக்கு விழுது" என்றாள்.
முப்பத்தெட்டு நாளில் முதல் பேச்சு, அதுவும் குற்றம்.
பென்சிலை உருவி எறிந்தாள்.
உருளையைத் தரையில் படுக்க வைத்தாள், ஒட்டின பக்கம் மேலே.
இன்னும் மோசம்.
கவிழ்த்து வைத்தாள்.
நூல் எழுந்து வந்தது, ஒரு சுருளும் இல்லாமல்.

ஈரத்துணிக்குள் நூலை விட்டு
இரண்டு விரலால் பிடித்தாள்.
சாயம் ஏறிக் கறுத்த விரல், என்னுடையதைப் போலவே.
இறுக்கவில்லை, விடவுமில்லை.
அவள் பிடி என் கைப்பிடியில் தெரிந்தது,
ஒவ்வொரு சுற்றிலும்.

"போதும்" என்றாள்.
விளிம்புக்கு ரெண்டு ரூபாய்க் குத்தித் தடிப்பில் இடம் இருந்தது.
கூடையை அமுக்கி அமுக்கி நிரப்புகிற கை,
அந்த இடத்தையும் நிரப்பியது.

காசல்ரீ கரையில் காற்று.
முதல் வீச்சிலேயே பத்துச் சுற்று ஒன்றாய்க் கழன்று
வளையத்தில் குருவிக்கூடாய்ச் சிக்கியது.
தூறலில் குந்தியிருந்து பிரித்தேன், பிறகு பல்லால் கடித்தேன்.
முப்பது கெஜம் போயிற்று.
மிச்சம் சும்மா சொல்லக்கூடாது,
சத்தமில்லாமல் போய் விழுந்தது.
ஒரேயொரு திலாப்பியா. அரை றாத்தலும் வராது.

அந்தியில் அவள் வாசலில் நின்றேன், மீன் வாழைமட்டையில்.
"பாதி" என்றேன்.
மீனைப் பார்க்கவில்லை அவள், ரீலைப் பார்த்தாள்.
"எத்தனை கெஜம் வெட்டின?"
"முப்பது."
"நான் போதும்னு சொன்னேன்."
"சொன்ன."
தலைப்பாதியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாளைக்குப் பீலியில் யார் வாளி முதலில் என்று
இன்னும் பேசவில்லை.